இரண்டு சிலைகளுக்கு இடையே 380 கிலோமீட்டர்

சென்ற பருவத்தில் அகத்திணை பற்றிய வகுப்பில் பிரிவு குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். பொருள்வயின் பிரிந்த தலைவன் பாலை வழியே செல்கிறான். தலைவி சுவரில் கோடிட்டு நாளெண்ணுகிறாள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "அவன் எவ்வளவு தூரம் போனான் ஐயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "பாடலில் அது இல்லையப்பா" என்று மேலே சென்றுவிட்டேன். அது அவசரமான பதில் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். இக்கட்டுரை அந்த மாணவனுக்கு நான் தரவேண்டியிருந்த பதில். ஆனால் அதைச் சொல்ல, பாலைக்கு நேர்மாறான ஒரு நிலத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

கனடாவின் வடகோடியில், நுனாவுட் ஆட்சிப்பகுதியில், இரண்டு சிற்றூர்கள் உள்ளன. எல்லெஸ்மியர் தீவின் தென்கரையில் கிரைஸ் ஃபியோர்டு. கார்ன்வாலிஸ் தீவின் தென்கரையில் ரெசொலூட். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முதல் ஊரில் 144 பேர், இரண்டாவதில் 183 பேர். இரண்டு ஊரையும் சேர்த்தாலும் எங்கள் கல்லூரியின் காலைக் கூட்டத்தில் நிற்கும் தலைகளைவிடக் குறைவு. கிரைஸ் ஃபியோர்டு ஊரில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. அவளருகே ஒரு சிறுவனும் ஒரு நாயும். அவள் ரெசொலூட் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரெசொலூட்டில் ஓர் ஆணின் சிலை, துணையின்றித் தனியாக. அவன் பார்ப்பது கிரைஸ் ஃபியோர்டு இருக்கும் திசையை. முதற்சிலையை லூட்டி பிஜாமினியும் இரண்டாவதைச் சிமியோனி அமகோவாலிக்கும் செதுக்கினார்கள். இரண்டும் 2010ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டன.

இவ்விரு சிலைகளுக்கும் இடையிலுள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 380 கிலோமீட்டர். நிலவரைக் கணக்கு தெரிந்த எவரும் இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு சில நிமிடங்களில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். விடை பிழையற்றதாகவே இருக்கும். ஆயினும் இந்தப் பிழையற்ற எண் ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை என்பதுதான் என் வாதம்.

வரைபடத்திலிருந்து தொடங்குவோம். நம் பள்ளிச் சுவர்களில் தொங்கிய உலகப் படங்கள் பலவும் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. உருண்டையைத் தட்டையாக்கும் அம்முறையில் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் அகன்றுகொண்டே போகும். இவ்வூர்கள் இருக்கும் 75, 76 பாகை வடக்கில் கிழக்கு மேற்காக நிலம் ஏறத்தாழ நான்கு மடங்கு இழுக்கப்பட்டுத் தெரியும். உண்மையில் அங்கே தீர்க்கரேகைகள் நெருங்கிவந்துவிடுகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால், அங்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர்தான். சுவரில் தொங்கும் படத்தை நம்பினால் இவ்வூர்கள் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் இருப்பவை. கணக்கை நம்பினால் ஒரு சிறு விமானம் சில மணி நேரத்தில் கடந்துவிடும் தொலைவில் இருப்பவை. படமும் பொய், கணக்கும் முழு உண்மையன்று. இடையில் என்ன இருக்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

இடையில் இருப்பது டெவன் தீவு. உலகில் மனிதர் நிலையாகக் குடியிருக்காத தீவுகளில் ஆகப் பெரியது. அதற்கு இருபுறமும் ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் கடல். சாலை இல்லை, இருப்புப்பாதை இல்லை. நுனாவுட்டின் 25 ஊர்களில் எந்த இரண்டையும் சாலை இணைக்கவில்லை. சரக்குக் கப்பல் கோடையில், பனி விலகும் சில வாரங்களில்தான் வரும். மற்றபடி எல்லாமே வானத்தின் தயவு. மாரிக்காலத்தில் சூரியன் மூன்று மாதத்துக்கும் மேலாக எழுவதில்லை. காந்தத் துருவத்தின் அண்மையால் திசைகாட்டும் ஊசியையும் அங்கே நம்பமுடியாது. விமானிகள் காந்த வடக்கை விட்டுவிட்டு மெய்வடக்கைக் கொண்டே திசை கணிக்கிறார்கள். 2011 ஆகஸ்ட் 20 அன்று எல்லோநைஃபிலிருந்து ரெசொலூட்டுக்கு வந்த போயிங் 737 விமானம் ஒன்று தாழ்ந்த மேகங்களுக்குள் இறங்க முயன்றபோது, ஓடுபாதைக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தொலைவில் இருந்த குன்றில் மோதியது. அதிலிருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். நெடுந்தொலைவு பறந்து வந்த விமானத்துக்குக் கடைசி ஒரு மைல்தான் கடக்கமுடியாத தொலைவாக இருந்தது.

*

இவ்வூர்களின் பெயர்களையும் கவனிக்கவேண்டும். ரெசொலூட் என்பது காணாமற்போன ஃபிராங்க்ளின் குழுவைத் தேடி வந்த ஆங்கிலேயக் கப்பலின் பெயர். கிரைஸ் ஃபியோர்டு நார்வேக்காரர்கள் வைத்த பெயர். பன்றிக் கழிமுகம் என்று பொருள். அங்கிருந்த கடற்பசுவை ஒத்த வால்ரஸ்களின் உறுமல் அவர்களுக்குப் பன்றியின் ஒலியாகக் கேட்டதாம். அங்கே வாழும் இனுயிட் மக்கள் தம் மொழியில் வேறு பெயர் சொல்கிறார்கள். ரெசொலூட் அவர்களுக்குக் காவ்சுயிட்டுக், அதாவது விடியல் இல்லாத இடம். கிரைஸ் ஃபியோர்டு ஆயுயிட்டுக், ஒருபோதும் உருகாத இடம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள் தம் ஊருக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா? விடியல் உள்ள இடத்திலிருந்து வந்தவனுக்குத்தான் விடியல் இல்லை என்பது தெரியும். இப்பெயர்கள் இரண்டும் ஊர்ப்பெயர்கள் மட்டுமல்ல, முறையீடுகளும்கூட என்றே நான் வாசிக்கிறேன்.

முறையீட்டுக்குக் காரணம் இருக்கிறது. 1953ஆம் ஆண்டும் 1955ஆம் ஆண்டும் கனடிய அரசு, வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இவ்விரு இடங்களிலும் இறக்கியது. பனிநிலத்தில் வாழும் வகைகளைக் கற்றுக்கொடுக்கப் பாண்ட் இன்லெட் என்னும் ஊரிலிருந்து சில குடும்பங்களையும் சேர்த்து அனுப்பியது. மொத்தம் சுமார் 90 பேர். வேட்டை விலங்குகள் மிகுதியாகக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் 2 ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. திரும்பிவிடலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை.

கப்பலின் பெயர் சி.டி. ஹோவ். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போவதாக நம்பி ஏறியவர்களுக்கு, வெவ்வேறு இடங்களில் பிரித்து இறக்கப்படப் போகிறோம் என்பது கப்பலில்தான் தெரிந்தது. அன்று ஐந்து வயதுச் சிறுவனாக அதில் இருந்து, பின்னாளில் நுனாவுட்டின் தந்தை எனப் போற்றப்பட்ட ஜான் அமகோவாலிக் அந்தக் கணத்தைச் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார். பெண்கள் அழத் தொடங்கியதும் தளத்தில் இருந்த நாய்களும் ஊளையிடத் தொடங்கினவாம். பிஜாமினியின் சிலையில் பெண்ணின் அருகே நாயைக் கண்டபோது எனக்கு இந்தச் சாட்சியம்தான் நினைவுக்கு வந்தது.

இனுக்ஜுவாக்கை உலகம் வேறொரு வகையில் அறிந்திருந்தது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922ஆம் ஆண்டு வெளியிட்ட நானூக் ஆஃப் தி நார்த் என்னும் புகழ்பெற்ற படம் அப்பகுதியில் எடுக்கப்பட்டதே. உலகத் திரையரங்குகள் அம்மக்களின் முகங்களை அண்மைக் காட்சியில் கண்டு களித்தன. ஃபிளாஹர்ட்டிக்கும் அவ்வூர்ப் பெண் ஒருவருக்கும் பிறந்த ஜோசஃபி என்னும் மகன் 1955ஆம் ஆண்டு தம் குடும்பத்துடன் கிரைஸ் ஃபியோர்டுக்கு அனுப்பப்பட்டார். தந்தை மகனைப் பார்த்ததே இல்லை. காமிராவுக்கு அவ்வளவு அண்மையில் இருந்த ஊர், அதை இயக்கியவருக்கு எவ்வளவு சேய்மையில் இருந்திருக்கிறது!

புதிய இடத்தில் அவர்களுக்கு வீடு இல்லை. முதல் மாரியைக் கூடாரங்களில் கழித்தார்கள். பழகிய விலங்குகள் பல அங்கே இல்லை. இருந்த கஸ்தூரி எருதை வேட்டையாடத் தடை. சூரியன் மறைந்துபோகும் மாதங்களை அவர்கள் அதற்குமுன் கண்டதே இல்லை, ஏனெனில் இனுக்ஜுவாக்கில் மாரியிலும் தினமும் சூரியன் எழும். உறவுகள் டெவன் தீவின் இருபுறமும் பிரிந்து கிடந்தன.

இதில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் செய்தி ஒன்றுண்டு. ரெசொலூட்டில் அப்போதே விமான ஓடுபாதை இருந்தது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அங்கே வானிலை நிலையம் அமைத்தன. தொடர்ந்து கனடிய விமானப் படையின் தளமும் வந்தது. இனுயிட் குடும்பங்கள் சில கிலோமீட்டர் தள்ளிக் கூடாரமிட்டிருந்தன. ஆனால் தளத்துக்குச் சென்று பழகக்கூடாது என்று காவல் அதிகாரி கட்டுப்படுத்தினார். தளத்தார் குப்பையில் எறிந்த பலகைகளையும் உணவையும் தேடி எடுத்து அவர்கள் வாழ்ந்ததை ஆணையத்தின்முன் பலர் சொல்லியிருக்கிறார்கள். வானத்தில் வழி திறந்திருந்தது. விமானங்கள் வந்தன, போயின. கண்ணுக்கெட்டும் தொலைவில் நின்ற அந்த விமானம் அவர்களுக்கு இனுக்ஜுவாக்கைவிடத் தொலைவில் இருந்தது. இதை எந்த அளவுகோலால் அளப்பது?

*

அரசின் தரப்பையும் சொல்லியாகவேண்டும். இனுக்ஜுவாக்கில் உணவுத் தட்டுப்பாடு இருந்தது. மக்கள் அரசு உதவித்தொகையைச் சார்ந்து நலிவதைத் தடுக்க, வேட்டை வளம் உள்ள இடத்துக்கு மாற்றினோம் என்பது அதன் நெடுநாள் விளக்கம். அரசு வேண்டிப் பெற்ற 1990ஆம் ஆண்டின் ஆய்வறிக்கை ஒன்றும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்றே சொன்னது. ஆனால் பழங்குடி மக்கள் குறித்த அரச ஆணையம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட தனியறிக்கையில் அதை மறுத்தது. பனிப்போர்க் காலத்தில், அமெரிக்கர்களின் நடமாட்டம் பெருகிய ஒரு வெற்று நிலத்தில், இது எங்கள் நாடு என்று காட்ட மனிதக் குடியிருப்பு தேவைப்பட்டது என்பதையும் அது சுட்டிக்காட்டி, மன்னிப்பையும் இழப்பீட்டையும் பரிந்துரைத்தது. 1996ஆம் ஆண்டு 1 கோடி டாலர் அறக்கட்டளை நிதி வந்தது, மன்னிப்பு வரவில்லை. 2010 ஆகஸ்ட் 18 அன்றுதான் அமைச்சர் ஜான் டங்கன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நல்லெண்ணம், நாட்டுரிமை ஆகிய இரண்டு விளக்கங்களுக்கும் அடியில் பொதுவான ஒரு நினைப்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வடக்கு என்பது ஒன்றே, பனி என்பது பனியே, எஸ்கிமோவை ஒரு வடக்கிலிருந்து இன்னொரு வடக்குக்கு மாற்றினால் அது இடப்பெயர்ச்சியே அன்று என்னும் நினைப்பு. ஒட்டாவாவில் மேசைமீது விரித்த படத்தில் இனுக்ஜுவாக்கும் எல்லெஸ்மியரும் ஒரே வெண்மையில் இருந்திருக்கும். அந்த வெண்மைக்குள் 2000 கிலோமீட்டர் ஒளிந்துகொண்டது. அக்காலத்தில் இனுயிட் மக்களின் பெயர்களுக்குப் பதிலாக அரசு பதிவேட்டில் எண்களை வழங்கியிருந்தது. கழுத்தில் அணியும் வட்டில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆளும் எண், தொலைவும் எண் என்றால், ஓர் எண்ணை இன்னோர் எண்ணளவு நகர்த்துவதில் என்ன துயரம் இருக்கமுடியும்?

திரும்புதலும் எளிதாக இருக்கவில்லை. 1980களின் இறுதியில் சிலர் அரசின் உதவியோடு இனுக்ஜுவாக்குக்குத் திரும்பினார்கள். அதற்குள் அவர்களின் பிள்ளைகள் வடக்கே வளர்ந்து, மணந்து, வேரூன்றியிருந்தார்கள். பெற்றோர் ஊருக்குத் திரும்பியபோது பிள்ளைகளைப் பிரிந்தார்கள். 1953இல் பெற்ற பிரிவைக் களையப்போய் இன்னொரு பிரிவை ஏற்றார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு உருகாத இடமே ஊர். அதையும் மதிக்கத்தான் வேண்டும். எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பதும் அதே மேசைப்படத்தின் சிந்தனைதான்.

*

இனி என் கருத்துக்கு வருகிறேன். இன்று இவ்விரு ஊர்களையும் இணைப்பது சக்கரத்தோடு சரளை ஓடுபாதையில் இறங்கும் டுவின் ஆட்டர் வகைச் சிறு விமானம். கிரைஸ் ஃபியோர்டின் ஓடுபாதை மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. காற்று திரும்பினால் விமானம் இல்லை, மூடுபனி இறங்கினால் விமானம் இல்லை. மருத்துவமனை இல்லாத சிற்றூர்களின் கருவுற்ற பெண்கள் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்பே ஊரைவிட்டுப் பறக்கவேண்டும். கிரைஸ் ஃபியோர்டிலிருந்து இக்காலுயிட் 1500 கிலோமீட்டர். ஒட்டாவா 3400 கிலோமீட்டருக்கும் மேல். மூத்த பிள்ளைகளையும் கணவனையும் விட்டு, அயல் ஊரில் காத்திருந்து பிள்ளை பெற்றுத் திரும்புகிறார்கள். பிரிவு அங்கே இன்றும் பழங்கதையாகிவிடவில்லை.

இத்தகைய தடங்களைப் பற்றிப் பேச்சு வரும்போது, 300, 400 பேருக்காக இவ்வளவு செலவா, பயணிகள் போதாத வழித்தடத்தைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்ற வாதம் எழும். பொருளியல் படித்த நண்பர் ஒருவர் என்னிடமும் இதையே கேட்டார். வெறும் மனிதநேயத்தால் இதற்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. இது கணக்கு, கணக்காகவே பதில் சொல்லலாம். இத்தொலைவை உண்டாக்கியது அரசு. தன் கொடி பறக்கவேண்டும் என்பதற்காகவும் ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்து, டெவன் தீவின் இரு பக்கங்களிலும் வைத்தது. அந்த 380 கிலோமீட்டரை உண்டாக்கியவர் யாரோ அவரே அதைக் கடக்கும் செலவையும் ஏற்கவேண்டும். ஆகவே இவ்விரு ஊர்களுக்கிடையிலான பயணச்சீட்டுக்கு அரசு பணம் தந்தால் அது சலுகையன்று, கடன் தீர்த்தல். மன்னிப்பு என்பது கேட்ட நாளோடு முடிவதன்று. அக்காளும் தங்கையும் ஒரு சாவுக்காவது ஒரே வீட்டில் கூட முடிகிறதா என்பதில்தான் அதன் மெய்ம்மை இருக்கிறது. சிலை வைப்பது எளிது. சிலைகள் பயணம் கேட்பதில்லை.

இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. தொலைவை அளக்க மொழிகளுக்கு மனித அளவுகள் இருந்தன. கூப்பிடு தூரம் என்றால் அங்கே ஒரு குரலும் அதைக் கேட்கும் ஒரு காதும் இருக்கின்றன. நாழிகை வழி என்றால் நடக்கும் கால்கள் இருக்கின்றன. இனுயிட் மக்கள் பயணத்தை உறக்கங்களால் அளந்தார்கள்: வழியில் எத்தனை இரவு உறங்கவேண்டும் என்பதே அவ்வூருக்கான தொலைவு. பனி கெட்டுவிட்டால் அதே ஊர் இரண்டு உறக்கம் கூடுதலாகத் தள்ளிப்போய்விடும். இது அறியாமையன்று, நிலம், பருவம், உடல், நாயின் வலிமை அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய நுட்பமான அளவை. கிலோமீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விமானிக்கு அது உயிர் காக்கும் எண். ஆனால் ஆட்சியாளரும் அறிஞரும் அதை மட்டுமே தொலைவு என்று நம்பத் தொடங்கும்போது, கடக்கவேண்டிய மனிதர் அந்த எண்ணிலிருந்து இறங்கிவிடுகிறார்.

அகப்பாடல்களில் தொலைவுக்கு எண் இல்லாததைக் குறை என்று நினைத்துத்தான் அன்று வகுப்பில் சிரித்துக் கடந்தேன். அது குறையன்று. சுவரில் தலைவி இட்ட கோடுகள்தாம் அங்கே அளவுகோல். அவன் எவ்வளவு தூரம் போனான் என்பதை அவன் நடந்த வழி சொல்லாது. அவள் இட்ட கோடுகளே சொல்லும். அடுத்த பருவத்தில் அந்த மாணவன் என் வகுப்பில் இருக்கமாட்டான். இருந்தாலும் வேறொருவன் அதே கேள்வியைக் கேட்பான் என்று எதிர்பார்க்கிறேன். அப்போது, பனிக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணையும், கடலுக்கும் தீவுக்கும் அப்பால் தனியே நிற்கும் ஓர் ஆணையும் பற்றி முதலில் சொல்வேன். 380 கிலோமீட்டர் என்பதையும் சொல்வேன். பிறகு, இது எவ்வளவு தூரம் என்று அவனையே கேட்பேன்.